கற்பகத்தின் வண்டிச் சத்தம்

கற்பகத்தின் ஃபியட் காரில் ஏர் ஃபில்டர் டப்பா அடியில் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. மெக்கானிக் தாவீது அதற்குப் பதிலாக இரண்டை எடுத்துவந்து பானட்டின் மேல் வைத்தார். ஒன்று, கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த அதே மாதிரி: நீண்ட மூக்குள்ள கறுப்புத் தகர டப்பா. மற்றது, மெட்ராஸ் கடைகளில் புதிதாக வந்திருந்த வட்ட ஃபில்டர். அதற்கு டப்பாவே கிடையாது. பளபளக்கும் மூடி, சுற்றிலும் வலை, அவ்வளவுதான்.

"டப்பா போட்டா வண்டி எப்பவும் போல ஓடும்க்கா. இத போட்டா காத்த நேரா இழுக்கும். கொஞ்சம் சவுண்டு வரும், ஆனா இழுவை இருக்கும்" என்றார் தாவீது.

"எவ்ளோ சவுண்டு?"

"மாட்டிக் காட்றேன், நீங்களே கேளுங்க."

கற்பகம் கேட்டாள். ஆக்சிலேட்டரை அழுத்தியதும் வண்டி தொண்டையைத் திறந்து உறுமியது. அவள் கால் தானாக இன்னொரு முறை அழுத்தியது. முப்பத்தெட்டு வயதில், நெசவுக்காரர்களிடம் பட்டுச் சேலை எடுத்துப் போளூர், தேசூர், தெள்ளார் என்று கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்று, அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி அது. வாங்கி இரண்டு வருஷமாகியும், இரவல் வண்டியை ஓட்டுகிறவள் மாதிரி வீதியோரமாகவே ஊர்ந்து போய்க்கொண்டிருந்தாள். ஹார்ன் அடிக்கக்கூட யோசிப்பாள். அந்தச் சத்தம் ஏன் அவ்வளவு பிடித்தது என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று தெரியும்.

"இதுவே இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் காலை அவள் வீதியில் நெசவுக்காரர்கள் தறிக்கான பாவு நீட்டியிருந்தார்கள். வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டு நூல் விறைப்பாக நிற்கும். அது சுருட்டப்படும்வரை எந்த வண்டியானாலும் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்க வேண்டும். கற்பகம் நின்றாள். நூலைத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்த வீரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாக்கா, வண்டிக்குள்ள புலி கிலி பூந்துகிச்சா? கொழந்தைங்கல்லாம் கதவ சாத்திகினு ஒளியுதுங்க."

"வழி விடு வீரா. இல்லன்னா புலிய அவுத்து விட்ருவேன்" என்றாள். தன் வாயிலிருந்தா அது வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் கணவர் அருணாச்சலம் சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தார். மின்வாரிய ஆபீஸில் வேலை. வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் விருப்பமில்லை.

"பொம்பள ஓட்டற வண்டி இப்படி உறுமிகினு போனா பாக்கறவன் இன்னா நினைப்பான்? ஆபீஸ்ல கேக்கறான், உங்க வீட்ல லாரி வாங்கிட்டீங்களான்னு. ஒரே பேஜாரா கீது. பழைய மாதிரி டப்பாவையே மாட்டிடு. அப்படியே நம்ம பலராமன டிரைவரா வச்சிக்கலாம். நீ பின்னாடி கவுரவமா குந்திகினு வா."

பலராமன் அவருடைய பெரியப்பா மகன். இந்தப் பேச்சு புதிதல்ல. வண்டி வாங்கிய நாளிலிருந்து ஏதாவதொரு சாக்கில் அது வந்துகொண்டே இருந்தது. இருட்டில் ஓட்டுவது ஆபத்து, வெயிலில் ஓட்டினால் கறுத்துப்போவாய், இப்போது சத்தம். இந்தச் சாக்குக்கு இணங்கினால் அடுத்தபடி சாவி கைமாறிவிடும் என்று கற்பகத்துக்குத் தெரியும். சாவி போனால் எந்த ஊருக்கு எப்போது போவது, யாரிடம் என்ன பேசுவது எல்லாமே பலராமனுக்குத் தோதான நேரத்தைப் பொறுத்ததாகிவிடும்.

"மாட்டினது மாட்டினதுதான்" என்றாள்.

ஆனால் ஒரு விஷயம் அவளை அரித்தது. போளூர் ரோட்டில் வரிசையாக ரைஸ் மில்கள். காற்றில் உமித்தூசியும் உமிக்கரியும் பறந்துகொண்டே இருக்கும். டப்பா இல்லாத ஃபில்டர் அதையெல்லாம் உள்ளே இழுக்காதா? இதைத் தாவீதிடம் கேட்டால் டப்பாவே நல்லது என்பார், அது கணவரின் காதுக்குப் போகும். அதனால் அவள் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். ஃபில்டரைச் சுற்றிக் கட்டத் துணி தேடியபோது, இருப்பதிலேயே நெருக்கமான நெசவுள்ள பட்டுத் துண்டைத்தான் கை எடுத்தது. இருபது வருஷமாக அவள் விற்றது அதைச் சொல்லித்தானே: விரித்துப் பிடித்தால் வெளிச்சம் தெரியாது, தூசி நுழையாது. தூசி நுழையாத இடத்தில் காற்றும் நுழையாது என்று சேலை விற்கிறவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் போளூரில் ஒரு கல்யாண வீடு. முகூர்த்தப் புடவைகள் பின்சீட்டில். அருணாச்சலமும் கூட வந்தார். மில்களைத் தாண்டும்போதே வண்டி திணறியது, கரும்புகை கக்கியது. களம்பூர் ரயில்வே கேட் திறந்ததும் தண்டவாளத்துக்குச் சற்று முன்னால் நின்றேவிட்டது. பின்னாலிருந்து பஸ்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பொம்பள கையில குடுத்தா இப்படித்தான்யா!"

"தள்ளுங்கடா, மகாராணி எறங்க மாட்டாங்க போலகீது!"

அருணாச்சலம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஸ்டேஷன்ல போன் இருக்கும். பலராமன வரச் சொல்றேன்."

"இருங்க."

கற்பகம் இறங்கி பானட்டைத் தூக்கினாள். துணியின் முடிச்சை அவிழ்க்கும்போது விரல் சுட்டது. துணியின் வெளிப்பக்கம் உமிக்கரி அப்பிக் கன்னங்கரேலென்று இருந்தது. உள்பக்கம் நேற்றுக் கட்டியபடியே மயில்கழுத்து நிறத்தில் பளிச்சென்றிருந்தது. ஒரே ஒரு காலை ஓட்டத்தில் இவ்வளவு. இந்தத் துணி இல்லாமல் ஒரு மாதம் ஓடினால்? எஞ்சினே தேய்ந்துவிடும். அவள் கவலை எஞ்சினுக்காக மட்டுமல்ல. தனக்குப் பிடித்தது தப்பான சாமான், அவர் சொன்னது சரியான சாமான். இதைவிடக் கசப்பானது வேறு என்ன இருக்கிறது?

துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி சாவியைத் திருப்பினாள். இரண்டு தடவை இருமிவிட்டு வண்டி உறுமி எழுந்தது. மகாராணி என்று கத்தியவன் ஓரம் ஒதுங்கினான்.

புடவைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பியதும் நேராகத் தாவீதின் பட்டறைக்குப் போனாள். "அந்த டப்பாவையே போட்டுடு, தாவீது."

அருணாச்சலம் சிரித்தார். நெடுநாள் காத்திருந்தவரின் சிரிப்பு. "இதத்தான நான் மொதல்ல சொன்னேன்?"

ஒரு கணம், வேண்டாம், வட்ட ஃபில்டரே இருக்கட்டும் என்று சொல்லத் துடித்தது அவள் நாக்கு. எஞ்சின் தேய்ந்து போகட்டும், அவர் ஜெயிக்காமல் இருந்தால் போதும். அப்படி நினைத்தவுடனே அவளுக்குத் தன்மேல் எரிச்சல் வந்தது. அவர் சரி என்றதைச் செய்வது கீழ்ப்படிதல் என்றால், அவர் சரி என்றதற்காகவே அதைச் செய்யாமலிருப்பது மட்டும் என்ன? அப்போதும் அவர் வாயைப் பார்த்துத்தானே வண்டி ஓடும்?

இடுப்பிலிருந்த துணியை எடுத்து பானட்டின் மேல் விரித்தாள்.

"நீங்க சொன்னது ஊரு வாய்க்கு. நான் மாத்தறது இந்த உமிக்கு. ரெண்டும் ஒண்ணு இல்ல."

"சரி, எதுவோ. பலராமன் திங்கக்கிழமை வரானாம்."

"வரட்டும். காபி குடிச்சிட்டுப் போவட்டும். சாவி என்கிட்டதான் இருக்கும்."

தாவீது குனிந்து ஸ்பேனரைத் தேடுகிறவர்போல் முகத்தை மறைத்துக்கொண்டார். அருணாச்சலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் திரும்பவில்லை. டப்பாவைத் தானே தூக்கி வைத்து, முதல் நட்டைத் தானே முறுக்கினாள்.

மறுநாள் காலை வீதியில் மறுபடி பாவு. வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. அந்த உறுமல் இல்லாதது அவளுக்குக் குறையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பக்கத்து சீட்டில் ஆபீஸுக்குப் போக அருணாச்சலம் உட்கார்ந்திருந்தார்.

பாவு சுருண்டதும் வீரன் எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, புலி எங்க? ஓடிப்போச்சா?"

கற்பகம் வண்டியை வீதியின் நடுவுக்குத் திருப்பினாள்.

"எங்கயும் போவல வீரா. இதோ, ஓட்டிகினு இருக்கு" என்று சொல்லி, ஹார்னை நன்றாக அழுத்தினாள்.