கழற்றிய சாமான்

கழற்றிய சாமானைத் திருப்பிக் கேட்டதும் எனக்கு ராஜசேகர் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதற்கு முன்னாலும் அவனை நம்பியதில்லை. ஆனால் நான் யாரையுமே நம்புவதில்லை, அது வேறு.

கேரள எல்லைக்குள் இருக்கும் எருத்தேன்பதியில் என் ஒர்க்‌ஷாப்பில் நாற்பது வருஷமாக ஒரு வழக்கம். புதுச் சாமான் வண்டிக்காரனுக்கு, கழற்றிய பழசு மெக்கானிக்குக்கு. பழைய இரும்புக்குப் போட்டு டீ குடிப்போம். அதைப் போய் யாரும் கேட்டதில்லை. கேட்கிறவன் எதையோ மறைக்கிறான்.

ராஜசேகர் ஆனைகட்டிக்கு மேலே கேரளப் பக்கம் ரிசார்ட் வைத்திருப்பவன். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். இரண்டு மாதத்துக்கு முன் மலைச்சரிவில் உருண்ட வண்டி. அதில் ரிசார்ட்டுக்கு வந்த புருஷனும் பெண்டாட்டியும் செத்துப்போனார்கள். டிரைவர் அஜய் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று கேஸ் எழுதி அவனை ஜெயிலில் போட்டிருந்தார்கள். வண்டியை மட்டும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு ராஜசேகர் மீட்டிருந்தான்.

"முன்பக்கத்தையே மாத்திருங்க பெரியவரே. பழைய ஜீப்புக்கு இருக்குற மாதிரி ஒரே ஆக்சில் போட்டுருங்க. மலைக்கு அதுதான் தாங்கும்" என்றான்.

சொன்னதில் தப்பில்லை. அந்த வேலை தெரிந்தவனும் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தன்தான். அந்த வண்டியின் முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். ஒவ்வொன்றையும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு இரும்புக் கைகள் பிடித்திருக்கும். தார் ரோட்டில் சுகம். பாறையில் கை ஒடியும். ஜீப்பில் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே இரும்புத்தடி, அதன் மேல் பட்டை ஸ்பிரிங். இடுப்பு கழன்றுபோகும், ஆனால் தடி ஒடியாது.

"ஆடி மாசம் நான் ஒட்டிக் கொடுத்த கீழ்க்கை இருக்குதுங்களே, அத..."

"அப்பவே மாத்தியாச்சுங்க" என்றான். நான் கேட்டு முடிக்கவேயில்லை.

ஆடியில் அதே வண்டியை அஜய்தான் ஓட்டிவந்தான், பக்கத்தில் ராஜசேகர். இடதுபக்கக் கீழ்க்கையில் விரிசல். புதுசு கோயமுத்தூரிலிருந்து வர நாலு நாளாகும், ரிசார்ட்டில் ஆள் நிறைந்திருக்கிறது என்று ராஜசேகர் குதித்தான். ஒட்டக்கூடாத இடம் அது. தெரிந்தே வெல்டு வைத்து ஒட்டினேன். "ஊரு போய்ச் சேர்ற வரைக்குந்தான். பத்து நாள்ல புதுசு போடுங்க, இல்லீன்னா ஒடியும்" என்று இருவரிடமும் சொன்னேன். "கேட்டுக்குங்கண்ணா" என்று அஜய் முதலாளியைப் பார்த்துச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"கழட்டுறத ஒண்ணு விடாம சாக்குல கட்டிருங்க. நம்ம மருதாசலம் கூடவே இருந்து எடுத்துட்டு வந்துருவான்" என்று சொல்லிவிட்டு ராஜசேகர் போனான்.

மருதாசலம் நுகத்தடி தாங்குகிற கழுத்துள்ள ஆள். பழைய டயர் மேல் உட்கார்ந்து நிலக்கடலை உரிக்கத் தொடங்கினான்.

நான் மூன்றாம் வகுப்போடு சரி. எனக்குப் பிளான் என்றால் சிமெண்டுத் தரைதான். வண்டிச் சட்டத்திலிருந்து நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது தொடும் இடத்திலெல்லாம் சாக்பீஸால் குறித்தேன். ஸ்பிரிங் எங்கே உட்காரும், பழைய பிடிகளைக் கேஸ் கட்டரால் எங்கே அறுப்பது, ஸ்டியரிங் தடி ஸ்பிரிங்கில் இடிக்காமல் எப்படிப் போகும், எல்லாம் முழு அளவில் தரையில் வந்தது. ஆக்சில் துளி பின்னால் சாய்ந்து நிற்க வேண்டும். சாயாவிட்டால் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. வேகம் பிடித்தால் சக்கரம் நடுங்கி, பிடித்திருப்பவன் மணிக்கட்டை முறுக்கும். அந்தச் சாய்வை நான்கு தடவை அழித்து வரைந்தேன். அதன் மேல்தான் மருதாசலம் கடலைத்தோலை எறிந்தான்.

"காலுக்கடியில பாரு" என்றேன்.

"கோலமா பெருசு? பொங்கலுக்கு இன்னும் நாளிருக்குதே."

மத்தியானம் பாலக்காட்டிலிருந்து அலவி ஆக்சிலோடு வந்தான். பழைய சாமான் கடை வைத்திருப்பவன். ஆக்சிலை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, காயவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் கோடு போடும். கோடு வரவில்லை.

"எம்மேல நம்பிக்கை இல்லியா சின்னையா?" என்று என் பேரை இழுத்துக் கேட்டான் அலவி.

"உம்மேலயும் இல்ல பாய், இரும்பு மேலயும் இல்ல."

"இரும்பையாவது துடைச்சுப் பாத்தே. என்னை அது கூடப் பண்ண மாட்டேங்கறே" என்று சிரித்துக்கொண்டே, மறுநாள் பட்டை ஸ்பிரிங்கைக் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனான்.

ஆக்சிலை வண்டிக்கு முன்னால், ஒரு முனையை மேலே தொங்கிய செயின் பிளாக்கிலும் மறுமுனையை இடுப்புயர மரக்கட்டை மேலும் நிறுத்தினேன்.

மறுநாள் காலையில் பழைய முன்பக்கத்தைப் பிரித்தேன். இடதுபக்கக் கீழ்க்கை இரண்டு துண்டாக வந்தது. மேலே புதுக் கறுப்புப் பெயிண்ட். சுரண்டினேன். என் கையெழுத்து எனக்கே அவ்வளவாகப் பிடிபடாது. என் வெல்டு தெரியும். ஆடியில் நான் போட்ட அதே வெல்டு. அதன் ஓரத்திலேயே ஒடிந்திருந்தது.

ஒடிந்த வாயை மண்ணெண்ணெயில் கழுவினேன். முக்கால்வாசி துருப்பிடித்த பழுப்பு. மீதிதான் வெள்ளி மாதிரி மின்னியது. உருளும்போது ஒடிந்திருந்தால் முழுவதும் மின்ன வேண்டும். பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்து, மிச்சமிருந்த கால்வாசியில் அந்த வண்டி மனுஷர்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறியிருக்கிறது. அஜய் வேகமாக ஓட்டவில்லை. கை ஒடிந்து சக்கரம் மடங்கியிருக்கிறது. கேஸுக்காக வண்டியைப் பார்வையிட்ட அதிகாரி விபத்தில் ஒடிந்தது என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

அது சாக்குக்குள் போனால் அஜய்க்குப் பல வருஷம். வெளியே வந்தால் முதல் கேள்வி, ஒட்டினது யார் என்பது. சாக்கை இழுத்து வாயை விரித்தேன். பொய் சொல்லமாட்டேன், அரை நிமிஷத்துக்கு மேலேயே விரித்துப் பிடித்திருந்தேன்.

"என்ன பெருசு, இரும்பைக் கொஞ்சிக்கிட்டு நிக்கறே? போடு சாக்குல."

"இது மட்டும் இங்க இருக்கட்டும்."

மருதாசலம் கடலையைக் கீழே வைத்தான். எழுந்துவந்து என் வாயில் குத்தினான். பல் ஒன்று நாக்குக்கு அடியில் போனது. விழுந்தவனை விலாவில் உதைத்தான். நான் வீல் ஸ்பேனரை எடுத்து அவன் முழங்கையில் வீசினேன். பட்டது, ஆனால் அவனுக்கு அது கொசு. ஸ்பேனரைப் பிடுங்கி என் முதுகில் இரண்டு போட்டான். என் கழுத்தில் காலை வைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

"அண்ணா, கெழவன் கண்டுபுடிச்சுட்டான்."

ராஜசேகர் பேசியது எனக்கும் கேட்டது. "அவன் கையை ஒடிச்சுட்டு சாமான எடுத்துட்டு வா. இனி எதையும் ஒட்டவே கூடாது அவன்."

மருதாசலம் என் வலதுகையை இழுத்து என் பிளான் மேல் விரித்து வைத்தான். வாயிலிருந்து வடிந்த ரத்தத்தில் அந்தச் சாய்வுக் கோடு அழிந்தது. அவன் ஸ்பேனரை ஓங்க ஒரு கால் பின்னால் போனது. அந்தக் கால் ஆக்சிலுக்கு அடியில் இருந்தது. என் கால் மரக்கட்டைக்குப் பக்கத்தில் இருந்தது. கட்டையை உதைத்தேன்.

அந்த இரும்பு அவன் கணுக்காலில் உட்கார்ந்தது. காய்ந்த மட்டையை மிதித்த சத்தம். அவன் கத்தியதில் வெளியே மேய்ந்த எருமை ஓடியது. நான் எழுந்து, ஸ்பேனரை எடுத்து, விழுந்து கிடந்தவன் தோளில் இரண்டு போட்டேன். மூன்றாவதை ஓங்கும்போது, ஸ்பிரிங்கோடு வந்த அலவி பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான்.

"போதும் சின்னையா. ஆக்சில் நல்லாவே உக்காந்துருச்சு."

இருவரும் ஆக்சிலைத் தூக்கி மருதாசலத்தை வெளியே இழுத்தோம். அலவி ஆம்புலன்சுக்குப் போன் செய்தான். வண்டி வந்து அவனை ஏற்றும் வரை நின்றோம். பிறகு ஒடிந்த கீழ்க்கையின் இரண்டு துண்டையும் என் தோள்துண்டில் சுற்றிக்கொண்டு அலவியின் லாரியில் ஏறினேன்.

அஜயின் மனைவி முருகேஸ்வரி வேலந்தாவளம் சந்தையில் மாட்டுக்கயிறு, மணி விற்பவள். அன்று சந்தை நாள். அரிவாளால் கயிறு அறுத்துக்கொண்டிருந்தாள். தோள்துண்டை அவள் முன் விரித்தேன்.

"உம்பட ஊட்டுக்காரன் ஓட்டுனதுல தப்பில்ல சாமி. இது முன்னாலயே ஒடிஞ்சிருக்குது. இத வெச்சு அவன வெளிய எடுத்தரலாம்."

ஒடிந்த வாயை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு வெல்டைத் தொட்டாள். "இதாருங்க ஒட்டுனது?"

"நாந்தான்."

"ஒடியும்னு தெரியுமுங்களா?"

"தெரியும்."

அரிவாளைக் கீழே வைத்தாள். அதற்காக இன்றும் அவளுக்கு நன்றி. இரும்பில் பெரிய துண்டை இரண்டு கையாலும் தூக்கி என் இடது தோளில் இறக்கினாள். காறை எலும்பு போனது எனக்கே கேட்டது. மாட்டுத் தரகர்கள் கூடிவிட்டார்கள். இன்னொரு முறை ஓங்கினாள். நான் நகரவில்லை. அவளே இறக்கினாள்.

"யோவ், ரெண்டு மாசமா எம்புள்ளைய, கொலைகாரன் மகள்னு பள்ளிக்கொடத்துல கூப்புடறாங்க. இதக் குடுத்துப்போட்டு நீ பாட்டுக்குப் போயிரலாம்னு பாத்தியா? ஏறு வண்டில. வந்து உம்பட வாயில சொல்லு."

அவள் சொன்னது சரி. நான் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தேன். போலீசை நான் நம்புவதில்லை.

கேஸ் இருந்த ஸ்டேஷனுக்கு மலை ஏற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் எலும்பு முனை உள்ளே உரசியது. அவள் அந்த இரும்பை மடியில் வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

ராஜசேகர் எங்களுக்கு முன்பே ஸ்டேஷனில் இருந்தான், ஆளை அடித்துச் சாமானைத் திருடியதாக என் மேல் புகார் கொடுத்துவிட்டு. வராந்தாவில் என் காதருகே வந்தான். "பெரியவரே, வெல்டு உங்களுது. உள்ள போறது நீங்கதான். அதக் குடுத்துருங்க, புகாரை வாங்கிக்கறன்."

தோள் ஒடிந்ததில் எனக்கு எந்தக் கையையும் ஓங்க முடியாது. நெற்றியால் அவன் மூக்கில் இடித்தேன். வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுவதும் சிவந்தது. போலீஸ்காரர்கள் என்னைச் சுவரோடு அழுத்தினார்கள். ஒருவன் ஒடிந்த தோளிலேயே அடித்தான். கண் இருண்டு, முகத்தில் தண்ணீர் பட்டதும் தெளிந்தது.

"தோளினு எந்து பற்றி?" என்று, தோளுக்கு என்ன ஆச்சென்று மலையாளத்தில் கேட்டான் ஸ்டேஷன் ரைட்டர்.

"விழுந்துட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வெல்டு, பத்து நாள், துரு, பெயிண்ட், போனில் கேட்டது. ரைட்டர் மலையாளத்தில் எழுதினான். முடித்ததும் கையெழுத்துப் போடச் சொல்லித் தள்ளினான். எனக்குத் தமிழே தடவல். அந்தத் தாள் எறும்பு வரிசை மாதிரி இருந்தது.

"படிச்சுக் காட்டோணும்."

"ஞான் படிச்சுத் தராம்."

"நீங்க வேண்டாமுங்க. அந்தப் புள்ள படிக்கட்டும்."

முருகேஸ்வரி மலையாளப் பள்ளியில் பத்து வரை படித்தவள். அந்த இடத்தில் எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டாள் என்று நான் உறுதியாக நம்பிய ஆள் அவள் ஒருத்திதான். அப்படிப்பட்டவள் எழுதியிருப்பதைத்தான் படிப்பாள். காகிதத்தை வாங்கி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் நிறுத்தினாள்.

"பத்து நாள்ல மாத்தச் சொன்னீங்கன்னு இதுல இல்லீங்க."

ரைட்டர், ராஜசேகர் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். ராஜசேகர் மூக்கில் துணியை வைத்துக் குனிந்திருந்தான்.

"எழுதச் சொல்லு" என்றேன். "ஒடியும்னு தெரிஞ்சுதான் ஒட்டுனேன்னு இருக்குதா?"

"அது இருக்குதுங்க. முதல் வரியே அதுதான்."

"அது அப்படியே இருக்கட்டும்."

ரைட்டர் விட்டுப்போனதை ஓரத்தில் எழுதினான். அவள் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பேனாவை வாங்கினேன்.