லீவுக்கு மேல் ஆறு நாள்

ராஜதாஸுக்கு எதையும் பாதியாகச் செய்யத் தெரியாது. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன் வேறு எப்படி இருப்பான் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் புது வேலை தந்த கம்பெனிக்காரர்கள் பட்டாள டிஸ்சார்ஜ் புத்தகத்தின் முதல் பக்கத்தை மட்டும் கேட்டால் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பித் தொலைக்க வேண்டியதுதானே? இவன் உதியன்குளங்கரை சந்திப்பில் உள்ள ஜெராக்ஸ் கடையில் முக்கால் மணி நேரம் நின்று, அட்டையிலிருந்து அட்டை வரை ஒரு பக்கம் விடாமல் ஸ்கேன் செய்து, பக்க எண் போட்டு, முன்னால் ஒரு பொருளடக்கமும் தட்டச்சு செய்து அனுப்பினான். கடைக்காரன் கூட, "அண்ணா, எல்லாம் வேணுமா?" என்று ஒரு தடவை கேட்டான். வேணும் என்றான் இவன்.

அந்தப் புத்தகத்தின் பதினேழாம் பக்கம் வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு மெயிலாகத் திரும்பி வந்தது.

மெயில் மரியாதையாகத்தான் இருந்தது. 'முந்தைய பணியில் எப்போதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானது உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று குறித்திருக்கிறீர்கள். தாங்கள் அனுப்பிய ஆவணத்தின் பதினேழாம் பக்கம் இதற்கு மாறாக உள்ளது. திங்கள் காலை பத்து மணிக்குள் விளக்கமும் ஆதாரமும் அனுப்பவும். அதுவரை தங்கள் பணிச்சேர்க்கை நிறுத்தி வைக்கப்படுகிறது.' புதன்கிழமை வேலையில் சேர வேண்டியவன். புதுச் சட்டை இரண்டு தேய்த்து மாட்டியாகிவிட்டது.

மெயிலை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். மூடித் திறந்தால் வாசகம் மாறிவிடும் என்று நினைக்கிற அளவுக்கு அவன் முட்டாள் இல்லை. ஆனாலும் ஐந்தாறு தடவை அதைத்தான் செய்தான்.

இந்த வேலைக்கு அவன் வந்து சேர்ந்த தூரம் கொஞ்சநஞ்சமல்ல. பதினெட்டு வயதில் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தான். ராஜஸ்தானில் ஒரு முகாமில் வயர்லெஸ் பெட்டியோடு கம்ப்யூட்டரை இணைக்கிற வேலை வந்தபோது, அந்தக் கம்ப்யூட்டருக்குள் என்னதான் நடக்கிறது என்று மூக்கை நுழைத்தவன், பிறகு வெளியே எடுக்கவே இல்லை. மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, தபால் வழியில் பி.சி.ஏ. படித்தான். ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து, முப்பத்தாறு வயதில் காரியவட்டம் பல்கலைக்கழக வளாகத்தில் எம்.சி.ஏ. வகுப்பில் போய் உட்கார்ந்தான். முதல் நாள் அவன் உள்ளே நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று குட்மார்னிங் சொன்னது. வாத்தியார் என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்து பெஞ்சில் இருந்த அகிலேஷ் என்கிற இருபத்திரண்டு வயதுக்காரன்தான் அவனுக்குக் கோட் எழுதுவதன் புது வழிகளைக் காட்டிக் கொடுத்தான். இரண்டு வருடம் பாறசாலையிலிருந்து காலைப் பாசஞ்சரில் நின்றுகொண்டே போய் வந்தான். படிப்பு முடிந்த பிறகு எத்தனையோ இன்டர்வியூக்கள். நாற்பதைத் தொடப்போகும் புது ஆள் என்றதும் எதிரே இருந்தவர்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பாடாக இருந்தது. கடைசியில் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனி, வயர்லெஸ் கருவிகளுக்குச் சாஃப்ட்வேர் செய்கிறவர்கள், இவனுடைய பட்டாள அனுபவத்துக்காகவே எடுத்துக்கொண்டார்கள். இதுவும் போனால் இன்னொன்று வராது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

நான்கரைக்குப் பின்சி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பாறசாலையில் எல்.பி. ஸ்கூலில், சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். செருப்பைக் கழற்றும்போதே முகம் முழுக்கச் சிரிப்பு.

"யோசுவா அண்ணன வழியில கண்டேன். சீட்டு கையில குடுத்தாச்சு. ஞாயிறாச்ச வாசிப்பாரு. நீங்க அந்த நீலச் சட்டய இட்டுட்டு வரணும், கேட்டியளா?"

யோசுவா அவர்கள் சபையின் செயலர். வீட்டில் நல்லது ஏதாவது நடந்தால் ஒரு சீட்டில் எழுதி, காணிக்கையோடு அவரிடம் கொடுப்பார்கள். ஞாயிறு ஆராதனையில் அவர் அதை உரக்க வாசிப்பார். பேர் வாசிக்கப்பட்ட குடும்பம் எழுந்து நிற்கும், சபை அவர்களுக்காக ஸ்தோத்திரம் சொல்லும். பின்சி எழுதிக் கொடுத்தது, கணவருக்கு வேலை கிடைத்ததற்காக. ராஜதாஸ் தலையை ஆட்டினான்.

பதினேழாம் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி இருந்தது. லீவு முடிந்து ஆறு நாள் தாமதமாக வந்ததற்கு ஏழு நாள் காவல் தண்டனை. பதினான்கு வருடத்துக்கு முந்தைய வரி. அப்போது பின்சிக்கு ஏழாம் மாதம். லீவில் வந்திருந்தான். லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவளை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. பிள்ளை தங்கவில்லை. யூனிட்டுக்குப் போன் செய்து லீவை நீட்டித் தரும்படி கேட்டான். பெரிய பயிற்சி ஒன்று தொடங்க இருந்த நேரம், ஒரு நாள் கூட முடியாது என்றார்கள். பின்சி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவன் வராந்தாவிலிருந்து உள்ளே போய், "லீவு நீட்டித் தந்தாச்சு, ஆறு நாள்" என்றான்.

அவ்வளவுதான் அந்தப் பொய். அதற்குப் பிறகு அதைத் திருத்த நேரம் வாய்க்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். நேரம் நிறைய இருந்தது. வருடம் போகப்போக, அந்த ஏழு நாள் நடக்கவே இல்லை என்று அவனே நம்பத் தொடங்கியிருந்தான். கம்பெனிப் படிவத்தில் 'இல்லை' என்று குறித்தபோது அவன் கை கொஞ்சமும் தயங்கவில்லை.

இப்போது ஆதாரம் வேண்டும். அப்போது ஆஸ்பத்திரியில் தந்த சீட்டில் தேதி இருக்கும், அது இருந்தால் விளக்கத்துக்கு ஒரு பலம். ஆனால் அது பின்சியின் அலமாரியில் எங்கோ இருந்தது. இரவு முழுக்க அவளிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்தான். கேட்காமல் எடுப்பது சுலபம் என்று விடியும்போது முடிவு செய்தான். பாகிஸ்தான் எல்லையில் நின்றவன், பெண்டாட்டியின் அலமாரியைத் திறக்க அவள் சந்தைக்குப் போகும் வரை காத்திருந்தான்.

சனிக்கிழமை காலை பின்சி மகள் ஜோஸ்னாவையும் கூட்டிக்கொண்டு மீன் வாங்கப் போனாள். ராஜதாஸ் அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு கோப்பாக எடுத்து, எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசை மாறாமல் கட்டிலில் பரப்பினான். வீட்டு வரி ரசீது, ஜோஸ்னாவின் ஞானஸ்நானச் சான்றிதழ், பின்சியின் டீச்சர் பயிற்சி மார்க் ஷீட். கோப்புகளில் பாதி பார்த்து முடிக்கும் முன்பே வாசலில் பை வைக்கும் சத்தம் கேட்டது.

"என்னத்த தேடுதிய?"

"ஒண்ணும் இல்ல. ஒரு பேப்பராக்கும்."

"எங்கிட்ட கேட்டா எடுத்துத் தரமாட்டேனா? எந்தப் பேப்பரு?"

அவன் ஜோஸ்னாவைப் பார்த்தான். பன்னிரண்டு வயது. பின்சி புரிந்துகொண்டு, மீனைக் கொண்டுபோய்த் தண்ணீரில் போடச் சொல்லி அவளை அடுக்களைக்கு அனுப்பினாள்.

"அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு" என்றான் ராஜதாஸ். "பழையது."

அந்த வீட்டில் அந்தச் சீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பின்சி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அது இப்ப எதுக்கு?"

"கம்பெனிக்கு வேணும்."

"எனக்க பிள்ள செத்த பேப்பரு உங்க கம்பெனிக்கு என்னத்துக்கு?"

இனி மறைக்க இடமில்லை. அவன் நின்றபடியே சொன்னான், மேலதிகாரி முன் அறிக்கை கொடுக்கிறவனைப் போல, தேதியோடு. லீவு நீட்டிக் கிடைக்கவில்லை. கிடைக்காமலே இருந்தேன். போனதும் தண்டித்தார்கள். அது புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் முழுவதையும் நானே அனுப்பினேன்.

பின்சி கட்டிலில் கிடந்த கோப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"ஆறு நாள் கூட்டித் தந்தாவன்னு நீங்கதானே பறஞ்சிய?"

"பொய்யாக்கும் பின்சி."

"போய்ச் சேர்ந்த பெறவு ஒரு வாரம் போனே எடுக்கல்ல. ரேஞ்சு இல்லன்னு சொன்னிய."

"உள்ள இருந்தேன்."

"நான் என்னெல்லாம் நெனச்சேன்னு அறியுமா? பிள்ளயத் தராதவகிட்ட இனி பேச வேண்டாம்னு இருக்கிய போலன்னு நெனச்சேன்."

இது ராஜதாஸின் கணக்கிலேயே இல்லாத ஒன்று. அவளைக் காப்பாற்றத்தான் மறைத்ததாக இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒண்ணு உண்டு" என்றாள் அவள். குரல் இப்போது ஏறியிருந்தது. "நீங்க போன பெறவு வந்த முதல் ஞாயிறாச்ச நான் கோயில்ல சீட்டு குடுத்தேன். கணவருக்கு லீவு நீட்டிக் கிடைச்சதுக்காக ஸ்தோத்திரம்னு. எழும்பி நிக்க வலு இல்லாம உங்க அம்மயப் பிடிச்சிட்டாக்கும் நின்னேன். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொல்லிச்சு. எதுக்கு? இல்லாத லீவுக்கு!"

"எனக்கு அது தெரியாது பின்சி."

"நீங்க சொன்னாத்தானே நானும் சொல்லுவேன்."

அவள் எழுந்து, ஜோஸ்னாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்த உறைக்குள் கையை விட்டு, அதன் பின்னால் மடித்து வைத்திருந்த தாளை எடுத்தாள். ஓரம் மஞ்சளாகியிருந்தது. அவன் கையில் தராமல் மேசைமேல் வைத்தாள்.

"எழுதுங்க. ஒண்ணும் விடாம எழுதுங்க. புஸ்தகம் முழுக்க அனுப்பின ஆளுதானே."

"யோசுவா அண்ணன்கிட்ட அந்தச் சீட்டத் திரும்ப வாங்கிரு. வேலை இல்லன்னு ஆனா நாணக்கேடு" என்றான் அவன்.

"அது எனக்க சீட்டு. நான் பாத்துக்கிடுதேன்."

விளக்கம் எழுத மத்தியானம் வரை ஆனது. முதலில் இரண்டு பக்கம் எழுதினான். சாக்குப்போக்கு நாறியது. அழித்தான். கடைசியில் ஏழெட்டு வரிதான் நின்றது. மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். குழந்தை இறந்துவிட்டது. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை, அனுமதி இல்லாமல் இருந்தேன். தண்டனை முறையானது. உங்கள் படிவத்தில் இல்லை என்று குறித்தது மறதியால் அல்ல. இன்று காலை வரை இதை நான் வீட்டிலும் சொல்லியிருக்கவில்லை.

அனுப்பிவிட்டு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செய்தி அனுப்பினால் மறுமுனையிலிருந்து கிடைத்தது என்று வரும்வரை சிக்னல்காரன் இருக்கையை விட்டு எழ மாட்டான். சோறு ஆறிப்போனது. அடுக்களையில் பின்சி பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு வைத்தாள்.

மாலையில் கம்பெனியிலிருந்து அமிர்தா அழைத்தாள். ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் இருக்கும் பெண். மெயிலைப் படித்துவிட்டாளாம், தனியாக அவளால் முடிவு சொல்ல முடியாதாம், திங்கள்கிழமை மேலே உள்ளவர்களிடம் பேசுவாளாம். வைக்கும் முன் தயங்கி, "சேட்டா, ஒரு காரியம் சோதிக்கட்டே? ஆத்யத்தே பேஜ் மதியாயிருந்நல்லோ. எந்தினா முழுவன் அயச்சது?" என்று மலையாளத்தில் கேட்டாள். அண்ணா, ஒன்று கேட்கட்டுமா? முதல் பக்கம் போதுமே, ஏன் முழுவதையும் அனுப்பினீர்கள்? தெரியாது மேடம் என்றான்.

அந்த வேலை அவனுக்குக் கிடைத்தது. ஆனால் அது செவ்வாய்க்கிழமை சங்கதி. ஞாயிற்றுக்கிழமை காலை நீலச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடக்கும்போது அவனுக்கு அது தெரியாது. முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு பின்சி அவனோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு யோசுவா வீட்டுப் பக்கம் போய்விட்டு வந்தாள். சீட்டை வாங்கிவிட்டாயா என்று கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

ஆண்கள் பக்கத்தில் நான்காவது பெஞ்சில் உட்கார்ந்தான். பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை. யோசுவா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டுகளைக் கையில் எடுத்ததும் இவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவள் சீட்டைத் திரும்ப வாங்கியிருந்தால் பேர் வராது, பிழைத்தோம். வாங்காமல் இருந்தால், கிடைக்காத வேலைக்காக இப்போது எழுந்து நிற்க வேண்டும். இல்லாத லீவுக்காக அவள் நின்றாளே, அதைப்போல.

"ஜெனில், புஷ்பபாய் குடும்பத்தார், வீட்டுவேலை நல்லபடியாக முடிந்ததற்காக." அவர்கள் எழுந்தார்கள். "ஸ்தோத்திரம்" என்றது சபை. அடுத்த சீட்டு, அதற்கடுத்த சீட்டு. கடைசிச் சீட்டைப் பிரித்த யோசுவா உடனே வாசிக்கவில்லை. ஒரு தடவை மனதுக்குள் படித்தார். கண்ணாடிக்கு மேலாக ஆண்கள் பக்கம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ராஜதாஸ், பின்சி குடும்பத்தார். பதினான்கு வருடத்துக்கு முன், லீவு கிடைக்காமலே ஆறு நாள் ஆஸ்பத்திரியில் என் கூட இருந்த கணவருக்காக."

யாரோ ஒரு கிழவர் முதலில் ஸ்தோத்திரம் என்றார், பிறகு எல்லாரும் சொன்னார்கள். ராஜதாஸ் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எப்படியோ எழுந்தான். கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் பார்த்தான்.

பின்சி அவனுக்கு முன்பே எழுந்து நின்றிருந்தாள். இந்தத் தடவை யாரையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றாள்.