போனுக்குள் மாப்பிள்ளை வீட்டார்

எங்கள் வீட்டு கார்ட்லெஸ் போனுக்குள் மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் இருக்கிறார்கள். வியாழக்கிழமையிலிருந்து இருக்கிறார்கள். இன்று ஞாயிறு.

புதன்கிழமை அவர்கள் தென்காசியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள். காபி குடித்தார்கள். "ஊருக்குப் போயி போன்ல சொல்லுதோம்" என்றார்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். மறுநாள் காலையில் போன் அடித்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா பேசினார்.

"எங்களுக்கு உங்க பொண்ணு வடிவை..." என்றார்.

அந்த இடத்தில் போன் ஒரு முறை கீச்சென்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. பெரியப்பா நிறுத்திக்கொண்டார்.

"சிவப்பு லைட்டு எரியும்போது முக்கியமான வார்த்தையைச் சொல்லக் கூடாது. சார்ஜ் ஏறட்டும். நாங்க இங்கனயே இருக்கோம்."

சார்ஜ் ஏறவில்லை. அவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

வசதிக் குறைவு ஒன்றும் இல்லை என்றுதான் மாப்பிள்ளையின் அம்மா கோமதியம்மாள் சொன்னார். எண்கள் இருக்கும் பக்கம் காற்று வருகிறதாம். ஐந்தாம் எண்ணுக்கு அடியில் படுத்துக்கொள்கிறார்களாம். சாப்பாட்டில்தான் சங்கடம். சம்பந்தம் முடிவாகும் வரை பெண் வீட்டில் சாப்பிடக் கூடாது. பஜ்ஜி, காபி வேறு. அது கணக்கில் வராது. இலை போட்டுச் சோறு சாப்பிட்டால் சரி என்று சொன்னதாக அர்த்தம்.

"நாங்க இப்ப பொண்ணு வீட்டுலயா இருக்கோம்?" என்று கோமதியம்மாள் முதல் நாளே கேட்டார்.

"பொண்ணு வீட்டுப் போன்ல இருக்கோம்" என்றார் பெரியப்பா. "எதுக்கும் சாப்பிட வேண்டாம்."

அம்மா விடவில்லை. மூன்று நாளாகச் சொதி வைக்கிறாள். எங்கள் பக்கத்தில் சொதி என்பது கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைப்பது. தேங்காய்ப் பால், பாசிப் பருப்பு, கூடவே இஞ்சிப் பச்சடி. கல்யாணம் பேசும் முன்பே யாரும் வைக்க மாட்டார்கள். அம்மா அதைச் சட்டியோடு கொண்டுவந்து போனுக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்துவிடுவாள். விசிறியால் வீசுவாள். போனுக்குள் யாரோ எச்சில் விழுங்கும் சத்தம் கேட்கும்.

எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. அவர் பெயர் ஆவுடையப்பன். புதன்கிழமை நான் காபி கொண்டுவந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. போன் வைத்திருக்கும் ஸ்டூலைப் பார்த்தார். அது ஏழு வருஷமாக ஆடுகிறது. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நான்காக மடித்தார். குனிந்து ஸ்டூலின் காலுக்கடியில் செருகினார். ஆட்டம் நின்றது. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்க்கிறேன். ரேடியோ, மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் பிரித்து மாட்டுவேன். ஆனால் உள்ளே ஆள் இருக்கும் போனைப் பிரிக்க அனுமதி வேண்டும். அதற்கான அலுவலகம் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

அப்பாவை அனுப்பலாம் என்றால் அவர் வெகு தூரத்தில் இருந்தார். போன் கெட்டதிலிருந்து எங்கள் ஹால் நீண்டுகொண்டே போகிறது. வியாழக்கிழமை செய்தித்தாள் எடுக்க வாசலுக்குப் போன அப்பா இன்னும் திரும்பி வந்துகொண்டிருக்கிறார். சிறியதாகத் தெரிகிறார். அவ்வப்போது கையை ஆட்டுவார். நாங்களும் ஆட்டுவோம்.

நானே ஏணி வைத்துப் பரணில் ஏறினேன். பித்தளைப் பாத்திரங்களைத் தாண்டியதும் தாழ்வாரம் தொடங்கியது. இருபது நிமிஷம் நடந்தேன். கடைசியில் ஒரு கவுன்டர். அதிகாரி சார்ஜ் ஏற்றும் தொட்டில் ஒன்றில் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது.

"பெயர்?"

"வடிவு."

"இருக்கிறீர்களா?"

"இருக்கிறேன்."

"எழுதிக் கொடுங்கள்."

எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நூறு மீட்டருக்குள் இருக்கிறீர்களா?"

"எதிலிருந்து?"

"அது படிவத்தில் இல்லை. உள்ளே இருப்பவர்கள் உங்கள் உறவினர்களா?"

"இன்னும் தெரியவில்லை."

அவர் பேனாவை மூடினார்.

"உறவினர் என்றால் வீட்டோடு இருக்கலாம். இல்லையென்றால் அவர்கள் உதிரிப் பாகம். சரியாக நான்கு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வேன்."

"எடுத்து?"

"அலமாரியில் வைப்போம். ஏற்கெனவே ஒரு மாமனார் இருக்கிறார்."

அலமாரிக்குள் யாரோ இருமினார்கள்.

அதிகாரி எனக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் விதிகள் அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தார். கீழே இறங்கியபோது மணி இரண்டரை.

தாளின் முதல் வரி, இடி இடிக்கும்போது போனைத் தொடாதே என்றது. உடனே இடி இடித்தது. ஜன்னலைப் பார்த்தேன். வெயில் அடித்தது. இடி போனுக்குள்ளிருந்து வந்தது.

"பெரியப்பா தூங்குதாங்க" என்றார் ஆவுடையப்பன்.

"எழுப்ப முடியாதா?"

"எழுப்பினா மின்னும்."

காத்திருந்தேன். மூன்று மணிக்குப் பெரியப்பா புரண்டு படுத்தார். இடி நின்றது.

சுவரிலிருந்து அடாப்டரைப் பிடுங்கினேன். போன் லைன் ஒயரையும் கழற்றி வைத்தேன். அடுத்த விதி, கையில் உலோகம் இருக்கக் கூடாது. பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வளையல் ஒருசேரப் பட்டால் சூடாகி உள்ளே இருப்பவர்களைச் சுட்டுவிடும். தங்க வளையல்களைக் கழற்றினேன்.

"ஏட்டி, நல்ல காரியம் பேசிக்கிட்டு இருக்கும்போது கையை மூளியா வைக்காத" என்றாள் அம்மா.

"விதியில இருக்கும்மா."

அம்மா தாளை வாங்கி இரண்டு பக்கமும் படித்தாள். உள்ளே போய் ஒரு டஜன் கண்ணாடி வளையல் எடுத்துவந்தாள். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. எனக்கு லேபில் சொல்லிக் கொடுத்தது. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. பச்சை வளையல்களைப் போட்டுக்கொண்டேன்.

"பேட்டரியைக் கழட்டப் போறேன். பத்து நிமிஷம் இருட்டா இருக்கும். எல்லாரும் எதையாவது பிடிச்சுக்கோங்க" என்றேன்.

"நான் ஏரியலைப் பிடிச்சிருக்கேன்" என்றார் ஆவுடையப்பன்.

"நான் இவனைப் பிடிச்சிருக்கேன்" என்றார் கோமதியம்மாள்.

பெரியப்பா தூங்கினார்.

பின்மூடியைத் தள்ளினேன். பேட்டரியின் ஒயரை இழுக்காமல், பிளக்கைப் பிடித்து மெல்லக் கழற்றினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

"வடிவு" என்றார் ஆவுடையப்பன்.

"பேட்டரி என் கையில இருக்கு. நீங்க எப்படிப் பேசுதீங்க?"

"இருட்டா இருக்குல்லா. யாருக்கும் தெரியாது."

நியாயமாகத்தான் பட்டது.

"ஸ்டூல் ஆடுதா?" என்று கேட்டார்.

"இல்ல. அடியில என்ன வச்சீங்க?"

"பாருங்க."

குனிந்து எடுத்தேன். மடிப்பைப் பிரித்தேன். ரயில் டிக்கெட். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு. மூன்று பேர். புதன்கிழமை சாயங்காலம்.

"இது நீங்க ஊருக்குத் திரும்புத டிக்கெட்டுல்லா."

"ஆமா."

"அப்ப எப்படி ஊருக்குப் போனீங்க?"

"போகலையே."

கடிகாரம் ஒரு நிமிஷம் நகர்ந்தது.

"பையில வேற பேப்பர் இல்லையா?"

"இருந்துச்சு. அம்மா எழுதிக் கொடுத்த மளிகை லிஸ்ட் இருந்துச்சு."

பாக்கி ஆறு நிமிஷம் இருந்தது. டிக்கெட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்துக் காலுக்கடியில் வைத்தேன். என் வளையல்கள் தாமாகச் சத்தம் போட்டன. நான் கையை அசைக்கவே இல்லை.

அம்மா வந்தாள். முந்தானையில் இரண்டு டார்ச் செல் முடிந்து வைத்திருந்தாள்.

"புதுசு. இதைப் போட்டா உடனே எரியும்."

"அது சார்ஜ் ஏறாத செல்லும்மா. தொட்டில்ல வச்சா வெடிக்கும்."

"வெடிச்சா?"

"பெரியப்பா எந்திரிச்சிருவாங்க."

அம்மா செல்களைத் தூர வைத்துவிட்டாள்.

பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. உப்பவில்லை, கசியவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தேன். மூன்று பேரும் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். கோமதியம்மாள் புடவையைச் சரிசெய்தார். "வணக்கம்" என்றேன். மூடிவிட்டேன். உள்ளே ஒரு பழுதும் இல்லை.

போனைக் கவிழ்த்தேன். அடியில், தொட்டிலோடு பொருந்தும் இடத்தில், இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். அவை வழியாகத்தான் சார்ஜ் ஏற வேண்டும். புள்ளிகளைக் காணோம். இரண்டு இடத்திலும் சந்தனம் காய்ந்து கெட்டியாக இருந்தது. நடுவில் குங்குமம்.

"அம்மா."

"என்னட்டி?"

"போனுக்குப் பொட்டு வச்சியா?"

"அவுக போன்ல சொல்லுதோம்னு சொல்லிட்டுப் போனாகளா. நல்ல சேதி வரணும்ல. புதன்கிழமை சாயங்காலமே வச்சேன்."

"அடியில ஏன் வச்ச?"

"நெத்தி எங்கன்னு தெரியல. ரெண்டு புள்ளி தெரிஞ்சுது. தோதா இருந்துச்சு."

கோபப்பட முடியவில்லை. நன்றாகத்தான் வைத்திருந்தாள். வட்டம் பிசகவில்லை.

தண்ணீர் தொடவில்லை. ஈர்க்குச்சியால் சந்தனத்தை உதிர்த்தேன். காய்ந்த துணியால் துடைத்தேன். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தேன். புள்ளிகள் மூக்குத்தி மாதிரி மின்னின. மீதிச் சந்தனத்தை அம்மா வீணாக்காமல் போனின் மேல் பக்கம் அப்பினாள். அங்கே ஒன்றும் கெடாது.

பேட்டரியை மாட்டினேன். மூடினேன். ஒயர்களைச் செருகினேன். போனைத் தொட்டிலில் வைத்தேன்.

பச்சை விளக்கு எரிந்தது.

ஹால் சுருங்கத் தொடங்கியது. ஜன்னல்கள் ஒன்றோடொன்று நெருங்கின. அப்பா பெரிதாகிக்கொண்டே வந்தார். வந்ததும் வியாழக்கிழமைச் செய்தித்தாளை மேஜையில் வைத்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றார்.

"இன்னும் சொல்லலை."

அப்பா செருப்பைக் கழற்றினார். மணி மூன்று ஐம்பது. போனில் சார்ஜ் காட்ட மொத்தம் மூன்று கட்டம். இரண்டு நிறைந்திருந்தது. பெரியப்பா எழுந்துவிட்டார். தொண்டையைச் செருமினார்.

"இன்னும் ஒரு கட்டம் இருக்கே" என்றார்.

"பெரியப்பா, ரெண்டு போதும். சொல்லுங்க" என்றார் ஆவுடையப்பன்.

"அரைகுறை சார்ஜ்ல ஒரு பொண்ணு வாழ்க்கையைப் பேசலாமாடே?"

நான்கு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம். பரணில் காலடிச் சத்தம் கேட்டது. அதிகாரி ஏணியில் இறங்கினார். கையில் துணிப் பை. பைக்கு வெளியே 'உதிரி' என்று எழுதியிருந்தது. ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"உறவினர்களா?"

நான் போனைப் பார்த்தேன். மூன்றாவது கட்டம் பாதியில் நின்றது. பெரியப்பா மூச்சை இழுத்தார். இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். அதிகாரி பையின் வாயைத் திறந்தார்.

அம்மா சொதிச் சட்டியின் மூடியை எடுத்தாள்.

போனுக்குள் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

"அத்தான்" என்றார் கோமதியம்மாள். பெரியப்பாவைத்தான் கூப்பிட்டார். "நீங்க மெதுவா சொல்லுங்க. எனக்குப் பசிக்கி. இலையைப் போடுங்க மதினி."

மதினி என்றது என் அம்மாவை.

அம்மா ஓடிப்போய் இலை எடுத்துவந்தாள். ஸ்டூலுக்கு முன்னால் மூன்று இலை போட்டாள். நான் தண்ணீர் தெளித்தேன், போனில் படாமல். அப்பா சோறு வைத்தார். ஸ்பீக்கரில் ஒன்பது துளைகள். சோறு அவற்றின் வழியாக ஒவ்வொரு பருக்கையாக உள்ளே போனது. வேகமாகப் போனது. சொதி தானாகவே வழி தெரிந்து போனது.

அதிகாரி படிவத்தில் 'உறவினர்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். பையை மடித்தார். ஆனால் போகவில்லை. சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க" என்றாள் அம்மா. "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

அதிகாரி யோசித்தார்.

"என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை."

"யோசிச்சுச் சொல்லுங்க. மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் முதல் பந்தி."

"மாப்பிள்ளை வீடு" என்றார்.

"அலமாரில ஒருத்தர் இருமுதாராமே. அவரையும் கூட்டிட்டு வாங்க."

அதிகாரியின் நெற்றி விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. ஏணியில் ஏறிப் போனார். அம்மா இன்னும் இரண்டு இலை போட்டாள்.

சரியாக நான்கு மணிக்கு மூன்றாவது கட்டம் நிறைந்தது. போன் அடித்தது. அப்பா எடுத்தார். பெரியப்பா வாய் நிறையச் சோற்றோடு பேசினார். வீடு முழுக்கக் கேட்டது.

"எங்களுக்கு உங்க பொண்ணு வடிவை..." என்றார். விழுங்கினார். "...இன்னுங் கொஞ்சம் இஞ்சிப் பச்சடி கொண்டுவரச் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளேயும் வெளியேயும். ஹால் மறுபடி நீளத் தொடங்கியது, இந்த முறை அகலமாகவும். வந்தவர்களெல்லாம் உட்கார வேண்டும் அல்லவா. சுவரோரம் நாற்காலிகள் தாமாக முளைத்தன.

நான் பச்சடி எடுக்க எழுந்தேன். போகும் வழியில் ஸ்டூலுக்கடியில் குனிந்தேன். டிக்கெட்டை வெளியே எடுத்தேன். இன்னும் ஒரு மடிப்பு மடித்தேன். நன்றாக உள்ளே தள்ளினேன்.