நாற்பத்தோராவது பயணி

வியாழக்கிழமைகளில் ஏரிக்குப் போகும் முதல் பேருந்தில் நாற்பது பேர் ஏறினால் நாற்பத்தொரு பேர் இறங்கினார்கள். வழியில் எங்கும் நிற்காத வண்டி அது. டயர் தேய்வதற்குக் கவலைப்பட்ட அளவுகூட ஓட்டுநரும் நடத்துநரும் இதற்குக் கவலைப்படவில்லை. கவலைப்பட்டவர் ஒரு பொருளாதார ஆய்வாளர். சாலையை அகலப்படுத்தினால் எத்தனை பேர் கூடுதலாகச் சுற்றுலா போவார்கள் என்று பதினோரு ஆண்டுகளாக ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர். அத்தனை ஆண்டுகளில் வண்டி போய் நிற்கும் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் ஏரியை ஒருமுறைகூட அவர் பார்த்ததில்லை. "நானும் வரேனே" என்று மனைவி கேட்டபோதெல்லாம், "நான் என்ன ஊர் சுத்தவா போறேன்?" என்று வாயை அடைத்துவிடுவார். அவளும் கேட்பதை விட்டாள். அவரைத் திட்டுவதை மட்டும் விடவில்லை.

முதலில் நடத்துநர்மேல்தான் சந்தேகம் விழுந்தது. ஒரு வியாழனன்று தாமே ஏறி, தம்மைச் சேர்க்காமல் எண்ணினார். புறப்படும்போது நாற்பது, பாதி வழியில் நாற்பது, இறங்கும்போது நாற்பத்தொன்று. சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டதற்கு நடத்துநர், "ஆள் குறைஞ்சாத்தானே சார் நாங்க பதில் சொல்லணும்? கூடினா உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இறங்குகிறவர்களின் தலையை எண்ணுவதுதான் ஆய்வாளரின் வழக்கம், முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் யார் அந்தக் கூடுதல் ஆள் என்பது, அவருடைய ஆய்வுக்காகப் பயணிகள் நிரப்பிப் பெட்டியில் போட்ட படிவங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோதுதான் தெரிந்தது. நாற்பத்தோராவது படிவத்தில் இருந்தது அவர் மனைவியின் கையெழுத்து. ஓடிப்போய்க் கடையிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டார். "அடுப்புல பால் இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க" என்றாள் அவள். பழைய படிவங்களையெல்லாம் தோண்டி எடுத்தார். மூன்று வருஷமாக ஒரு வாரம் விடாமல் வந்திருக்கிறாள். 'எப்போது திரும்புவீர்கள்?' என்ற கேள்விக்கு முதலில் 'இன்று மாலை' என்றும், பிறகு 'நாளை' என்றும் எழுதியவள் கடைசி மாதங்களில் 'பார்க்கலாம்' என்று எழுதியிருந்தாள். வீட்டுக்குப் போய் மனைவியின் செருப்பில் ஈரமிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், பக்கத்து வீட்டில் நைசாக விசாரித்தார், கடைசியில் தாம் போனில் பேசிய பெண் மனைவிதானா என்றே சந்தேகப்பட்டார். ஒன்றும் பிடிபடவில்லை.

இதற்கிடையில் துறைத் தலைவருக்கு அவர்மேலேயே சந்தேகம் வந்திருந்தது. "ஒரு ஆளை நீங்களே சேர்த்து எழுதுறீங்கன்னு பேசிக்கிறாங்க. அந்த ஆளைத் தூக்கிடுங்க, கட்டுரை நாளைக்கே அச்சுக்குப் போயிடும்" என்றார். ஆய்வாளருக்கும் அப்பாடா என்றிருந்தது. மூன்று வருஷத்து நாற்பத்தோராவது பயணியையும் அட்டவணையிலிருந்து அழித்து, அடிக்குறிப்பில் 'எண்ணிக்கைப் பிழை' என்று போட்டார். அடுத்த வியாழன் நாற்பது பேர் ஏறி நாற்பது பேர் இறங்கினார்கள். அன்று மாலை அவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். மனைவி அதை எடுத்து, ஒரு சொல் சொல்லாமல் கொடியில் காயப்போட்டாள். மறுநாள் சாவியைத் தொலைத்துவிட்டு வந்தார். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். மூன்றாம் வாரம் வேண்டுமென்றே அவளுக்குப் பிடித்த கண்ணாடி ஜாடியைப் போட்டு உடைத்தார். அவள் துடைப்பத்தை எடுத்து வந்து துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். திட்டுகிறவள் போய்விட்டாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சமையலறை வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த வியாழன் எண்ணாமல் பேருந்தில் போனார். நிறுத்தத்தைத் தாண்டி நடந்தார். படகுத் துறையில் சீட்டுக் கொடுக்கிறவர், துறைக்கு மேலே உள்ள மாடி அறைக்கு ஒரு அம்மா குடிவந்து ஒரு மாதமாகிறது என்று சொல்லிக் கரையைக் காட்டினார். அவள் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். "வந்தாச்சா? இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? உலகத்துல இருக்கிற தலையை எல்லாம் எண்ணுவீங்க, கட்டின பொண்டாட்டி எதிர்ல இறங்குறது கண்ணுக்குத் தெரியாது! கடைசில நான் பிழையா? பிழையா நான்?" என்று பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் விடவில்லை. அவருக்கு உயிர் திரும்பி வந்தது. "தப்புதான். வீட்டுக்கு வந்துடு" என்றார். "வீட்டுலதான் இருக்கேனே" என்றாள் அவள்.

அட்டவணையை அவர் திருத்தி அனுப்பினார். கட்டுரை திரும்பி வந்தது, பதவி உயர்வும் போனது. அவள் மனம் மாறவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு வியாழனும் ஏரிக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு மாலை வண்டியில் திரும்புவது அவருக்கு வழக்கமாயிற்று. ஊரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. குளிர் தொடங்கிய வாரம், வண்டி ஏற்றிவிட வந்தவள், "அடுத்த தடவை வெறுங்கையை வீசிட்டு வராதீங்க, என் ஸ்வெட்டர் வேணும்" என்றாள். வீட்டில் இதை எப்படிச் சொல்வது, எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் குழம்பிக்கொண்டே வந்தார். கதவைத் திறந்த மனைவி எதுவும் கேட்கவில்லை. ஸ்வெட்டர் மடித்து மேஜைமேல் இருந்தது, பக்கத்தில் இரண்டு ஜோடி காலுறைகளும் இருந்தன.