ஓர் ஆள் அகலம்

படியின் முதல் திருப்பத்திலேயே ஸ்ட்ரெச்சர் சுவரில் முட்டி நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும் அதைச் சாய்த்துப் பார்த்தார்கள், தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில் கீழேயே போட்டுவிட்டு மருந்துப் பையும் நோயாளியைக் கட்டித் தூக்கும் நீளப் பலகையுமாக மாடிக்கு ஏறி வந்தார்கள்.

"இந்தப் படியக் கட்டின மகராசன் யாருங்க? கையில மட்டும் கிடைச்சான்னா..." என்றார் மூத்தவர், மூச்சு வாங்க.

கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே தரையில் மல்லாந்து கிடந்தவளுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. "இதோ நிக்கிறாரே, இவருதான்" என்றாள்.

அவள் கணவர் மேஸ்திரி தலை குனிந்துகொண்டார்.

அந்தப் பக்கத்தில் பாதி வீடுகள் அவர் கைப்பட எழுந்தவை. மாடி எடுக்க வசதியில்லாதவனுக்கும், பின்னால் கட்ட உதவும் என்று மேலே கம்பி நீட்டி விடுவார். "முன்னாடியே யோசிக்கணும் சார். இடிச்சுக் கட்டுறவன் ரெண்டு வீட்டுச் செலவு செய்யறான்" என்று சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியவர். தன் வீட்டுக்கும் அப்படித்தான் யோசித்தார். கை ஓய்ந்த காலத்தில் வாடகை வரட்டும் என்று கீழ்த்தளத்தைக் கடைக்கு விட்டார். கடை இன்னும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும் என்று படிக்கட்டை ஒடுக்கினார். அன்றைக்கே மனைவி வந்து பார்த்துவிட்டு, "படிய கொஞ்சம் தாராளமா வைங்களேன்" என்றாள். "ஏன், யானையா ஏத்தப் போற?" என்று கேட்டார். கூட வேலை செய்தவர்கள் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

அலமாரியும் கட்டிலும் கயிறு கட்டி ஜன்னல் வழியாகத்தான் மேலே வந்தன. வந்து சேர்ந்ததும், திருடனை யோசித்து, ஜன்னலுக்குக் கனத்த கம்பி போட்டுக் கான்கிரீட்டில் புதைத்துவிட்டார்.

இன்று காலை துணி துவைத்த ஈரக் காலோடு அறைக்குள் வந்தவளுக்குக் கால் வழுக்கியது.

"நாற்காலியில உட்கார வச்சுத் தூக்கிடலாமா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"இடுப்பெலும்பு போயிருக்குய்யா. மடக்கவே கூடாது."

"ஜன்னல்..." என்று தொடங்கியவர், கம்பியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "அறுத்து எடுக்க சாயங்காலம் ஆயிடும். நானே வச்சது."

இளையவர் அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். "சில்லுன்னு ஆயிட்டு வருதுண்ணே. அவ்ளோ நேரமெல்லாம் தாங்காது."

மூத்தவர் அவள் பக்கத்தில் குந்தினார். "அம்மா, பலகையில படுக்க வச்சு இறுக்கிக் கட்டிடுவோம். திருப்பத்துல மட்டும் நிமிர்த்தித்தான் எடுக்கணும். வலிக்கு ஊசி போட்டாச்சு. ஆனாலும் உயிர் போயிட்டு வரும். அதுக்கு மேல எங்க கையில ஒண்ணுமில்ல."

"எடுங்க தம்பி. என்னங்க, என் கையப் பிடிச்சுக்குங்க."

மேஸ்திரி பிடித்துக்கொண்டார். பலகையோடு கூடவே நடந்தார், படி தொடங்கும் இடம் வரை. அங்கே மூத்தவர் முன்னால் இறங்கினார், இளையவர் பின்னால். பக்கவாட்டில் ஒரு கை நுழையக்கூட இடமில்லை.

"ஐயா, விடுங்க, நசுங்கிடும்."

விட்டார்.

இளையவரின் முதுகு மட்டும் தெரிந்தது. அதற்கு அப்பாலிருந்து அவள் குரல் வந்தது. "என்னங்க... எங்க போனீங்க?"

"இங்கதான் இருக்கேன். பின்னாடியே வர்றேன்."

"பின்னாடி எதுக்கு? பக்கத்துல வாங்க."

அவர் இளையவரின் முதுகை ஒட்டி ஒரு படி இறங்கினார்.

திருப்பத்தில் பலகையை நிமிர்த்தினார்கள். அவள் அலறிய அலறலில் கீழே கடைக்காரர் ஓடிவந்து படியடியில் நின்றார். அவராலும் ஏற முடியவில்லை. மேஸ்திரி இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றித் தள்ளினார். என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. பல வருஷமாகியும் ஒரு கீறல் விடாத சுவர். வருகிறவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டிப் பெருமையடித்த சுவர்.

பலகை மெல்லப் படுக்கை நிலைக்கு வந்தது. அவள் மூச்சு திணறித் திணறித் திரும்பியது.

"என்னங்க, முடிஞ்சுதா?"

மூத்தவர் கீழிருந்து மேஸ்திரியை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லம்மா" என்றார் மேஸ்திரி. "இன்னும் ஒரு திருப்பம் இருக்கு."