ஜாக்கி மெஷின்

மூன்றாவது தடவையாகப் புருஷனின் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். டீசல் வாடை போகவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். உயிரும் போய்விட்டது. வாடை மட்டும் இருந்தது. அதற்கடியில் இன்னொன்று. அதை முகராமலிருக்க வாயால் மூச்சு விட்டாள்.

முன்னாலிருந்த பட்டறையில் அவளுடைய அண்ணன் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"சுகர்தாங்க. ஒடம்பைப் பாக்கவே மாட்டாரு. சின்னக் காயம், புரையோடிப்போச்சு."

அவள் புருஷனுக்குச் சுகர் கிடையாது. டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் குடிப்பான். ஒன்றும் செய்ததில்லை.

பட்டறையில் இன்ஜெக்டர் சோதிக்கிற மெஷின், லாரி தூக்குகிற பழைய ஜாக்கிதான். எண்ணெயை வடித்து டீசல் ஊற்றி, பக்கத்தில் துளை போட்டு, ஒரு குழாயும் மீட்டரும் வைத்துக் கொடுத்தவன் அண்ணன். குழாய் நுனியில், இன்ஜினுக்குள் டீசல் தெளிக்கிற அந்த இன்ஜெக்டரை மாட்டிக் கைப்பிடியை அடித்தால் டீசல் புகையாகப் பீச்ச வேண்டும். கெட்டுப்போன இன்ஜெக்டர் என்றால் கம்பி மாதிரி வரும். கடையில் விற்கிற மெஷினில் சுற்றிலும் கண்ணாடிக் கூடு இருக்குமாம்.

"கண்ணாடி எதுக்கு மாப்ள? அதான் கை இருக்கே."

அதைச் சொன்னவனும் அண்ணன்தான். அப்போதிலிருந்து அவள் புருஷன் கையை நீட்டித்தான் பார்ப்பான்.

அன்று கைப்பிடியை அடித்தது அவள். "அடி. இன்னும் அடி" என்றவன் சட்டென்று கையை உதறினான். விரல் நுனியில் ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"கழுவிட்டு வேலையப் பாக்கச் சொல்லு. டீசல் என்ன விஷமா?"

இரண்டு நாள் வேலையைப் பார்த்தான். மூன்றாம் நாள் கை வீங்கிக் கறுத்தது; உள்ளே டீசல் இறங்கியிருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

ஈரக் கையோடு பட்டறைக்கு வந்தாள். அண்ணன் வாய் நிறைய பிஸ்கட்டை அடக்கியிருந்தான். மீசையில் தூள். பக்கத்தில் தோளில் அழுக்குத் துணி போட்ட மெக்கானிக் ஒருவர். துக்கம் கேட்க வந்தவர், மெஷினின் முன்னால் நின்றிருந்தார்.

"மீட்டர் முள்ளு நிக்குது பாத்தீங்களா? பிரஷர் எறங்காது. வேணும்னா இதையே எடுத்துக்குங்க. இனிமே இங்க யாரு தொடப்போறா?" என்றான் அண்ணன்.

அன்று மாட்டிய இன்ஜெக்டர் அதில் அப்படியே இருந்தது. மெக்கானிக் அதன் கீழே உள்ளங்கையை நீட்டினார்.

"கைய எடுங்க" என்றாள்.

பெஞ்சில் கிடந்த எக்ஸ்ரே உறையை எடுத்தாள். படத்தை உருவி வைத்துவிட்டு, உறையை ஓரமாகப் பிடித்து இன்ஜெக்டருக்குக் கீழே நீட்டினாள்.

"அடிண்ணே."

"என்னம்மா இது, இப்பப்போயி..."

"அடின்னு சொல்றேன்ல."

அண்ணன் பிஸ்கட்டை விழுங்கினான். அடித்தான். சீறியது. அவள் உறையை மெக்கானிக்கிடம் கொடுத்தாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நனைஞ்சிருக்கு. வேற ஒண்ணும் தெரியலையேம்மா."

"வெளிச்சத்துல பாருங்க."

வாசல் பக்கம் தூக்கிப் பிடித்தார். பழுப்புத் தாளில் வெயில் ஒரு புள்ளியாக வந்தது.

"அவருக்கும் அவ்ளோதான் தெரிஞ்சுது" என்றாள்.

மெக்கானிக் உறையைப் பெஞ்சில் வைத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அண்ணன் மீசையைத் துடைத்தான்.

அவள் உள்ளே போனாள். சோப்பை எடுத்துத் தன் கையைத் தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் தேய்த்தாள்.