டூட்டி இல்லாத மெஷின்

இப்போதெல்லாம் யாரும் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. போனைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். ஒரு ஆளை வேலையை விட்டுத் தூக்குவதைக்கூடவா இப்படிச் சொல்வார்கள் என்று பொன்னனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏரித் தண்ணீரை ஆராய்கிற அந்த அறக்கட்டளைக்கு முப்பது வருஷமாக அவர்தான் வாட்ச்மேன். காலையில் ஆபீஸ் பரிமளா போனிலிருந்து தலையைத் தூக்காமல், "நாளைக்கு ஜெர்மனி மைக்ராஸ்கோப் வருதுண்ணா. டூட்டி கெடையாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மெஷின் வந்தால் டூட்டி கிடையாது. அவ்வளவுதான்.

பழைய மைக்ராஸ்கோப் வந்த நாளில் மழைக்கு ரோடு அறுத்துக்கொண்டு போயிருந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்டியைத் தலையில் வைத்து ஏரிக்கரையோடு நடந்தே வந்தார் பொன்னன். அறக்கட்டளையைத் தொடங்கிய பெரிய சார் அதை மேஜையில் பொருத்திவிட்டு, "தூக்கினு வந்தவன்தான் மொதல்ல பாக்கணும்" என்றார். கண்ணை வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணிக்குள்ளே காலும் மீசையுமாக என்னென்னவோ நீந்தின. ஒரு வாரம் பொன்னனுக்குத் தண்ணீர் இறங்கவில்லை. சார் விழுந்து விழுந்து சிரித்தார். எதையும் நேரே நின்று சொல்கிற மனுஷன். போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது.

மத்தியானம் பொறுக்கமாட்டாமல் உள்ளே போய்ச் சாவிக்கொத்தைப் பரிமளாவின் மேஜைமேல் போட்டார்.

"இன்னாம்மா, டூட்டி கெடையாதுன்னு மூஞ்சிக்கி நேரா சொல்ல மாட்டியா?"

பரிமளா விழித்தாள். பிறகு சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது. "ஐயோ, அது உன் டூட்டி இல்லண்ணா! வெளிநாட்டு சாமானுக்குக் கவருமெண்டு போடுற வரி, அதுக்கும் டூட்டின்னுதான் பேரு. நம்மளது லாபம் பாக்காத ஆராய்ச்சி எடம்ல, அதான் வரி வாணாம்னு வுட்டுட்டாங்க. ஆனா அஞ்சு வருசத்துக்கு மெஷின வேற யாருக்கும் விக்கக் கூடாது, குடுக்கக் கூடாது. நீதான் காவல் காக்கணும்."

"கவருமெண்டு வரிய வுடுதா? பிஸ்கோத்து பாக்கெட்டுக்கே புடுங்குறான்!"

"காயிதம் கீது, பாரு."

"காயிதத்துல எது வேணா எழுதலாம்." குரலைத் தாழ்த்தினார். "அந்த மெஷின்ல யாரு மொதல்ல கண்ணு வெக்கப் போறது?"

"கண்ணு வெக்கவே எடம் இல்லண்ணா. எல்லாம் கம்ப்யூட்டர்ல தெரியும்."

பொன்னன் சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டார்.

"கண்ணு வெக்க எடமில்லாத மெஷினு. வரி வாங்காத கவருமெண்டு. யாருகிட்ட வுடுற கதை? நாளைக்கி லாரி வரட்டும், தெரிஞ்சிடும்."

திரும்பிப் பார்க்காமல் கேட்டை நோக்கி நடந்தார்.